முள்ளாற்றுக்கு அடித்த அழைப்பிதழ்

முள்ளாறு வீடு மாறுகிற ஆறு. மற்ற ஊர் ஆறுகள் மழைக்குப் பெருகும், கோடைக்கு வற்றும், அதற்குமேல் யாருக்கும் தொந்தரவு தராது. முள்ளாறு அப்படி இல்லை, ஓர் இடத்தில் இருநூறு முந்நூறு வருஷம் இருந்து பார்க்கும், அக்கம்பக்கம் சரிப்படவில்லையென்றால் ஒருநாள் காலையில் தன் மீன்களையும் நாரைகளையும் கரையோரத்து நாணலையும் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விடும். மாறாந்துறைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆறு போன தடவைகளை வைத்துத்தான் அவர்கள் தங்கள் சரித்திரத்தையே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை அது போனது ராசாக்கள் காலத்தில். அப்போது மாறாந்துறை பெரிய துறைமுகம்; மேற்கே எங்கிருந்தோ குதிரையும் மதுச்சாடியும் வந்து இறங்கின, இங்கிருந்து முத்தும் சங்கும் மிளகும் ஏறின, ஆற்றுமுகத்தில் நிற்க இடமில்லாமல் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக் கிடந்தன. கப்பலுக்குச் சுங்கம், சரக்குக்குச் சுங்கம், ஆளுக்குச் சுங்கம் என்று வாங்கிப் பழகிய ஓர் அதிகாரி ஆற்றுக்கும் ஒரு சுங்கம் போட்டு, ஓலை எழுதி, கரையில் கம்பு நட்டுக் கட்டிவைத்தார். மறுநாள் ஓலை இருந்தது, ஆறு இல்லை. அரைக் காதம் கிழக்கே போய் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. ஊரார் கோயில் சாமியையும் சுங்கச்சாவடிக் கதவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அதன் பின்னாலேயே போய்க் குடியேறினார்கள்.

இரண்டாம் தடவை வியாபாரிகள் காலத்தில். கப்பலில் பாரத்துக்காக ஏற்றிவந்த கல்லையும் மண்ணையும் தூரக் கொண்டுபோய்க் கொட்டச் சோம்பல்பட்டு ஆற்றின் வாயிலேயே கொட்டினார்கள், யார் வாயில் மண்ணைப் போட்டாலும் அவர்கள் அங்கே இருப்பார்களா, ஆறு இன்னும் கிழக்கே நகர்ந்துவிட்டது. பாதி ஊர் பின்னால் போயிற்று, பாதி ஊர் தானாகத் திரும்பி வரும் என்று உட்கார்ந்துவிட்டது. அந்த இரண்டு பாதிக்கும் நடுவே இன்றுவரை கொள்வினை கொடுப்பினை கிடையாது.

மூன்றாம் தடவை, எந்தச் சண்டையும் சச்சரவும் இல்லாமல், ஓர் ஆடி வெள்ளியன்று முள்ளாறு பதினோரு கிலோமீட்டர் தெற்கே போய்விட்டது, கடலும் கூடவே பின்வாங்கிப் போய்விட்டது. இந்தத் தடவை யாரும் பின்னால் போகவில்லை. வீடுகள் தூக்கிக்கொண்டு போக முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டிருந்தன.

ஆறும் கடலும் போனால் என்ன, துறைமுகம் போகவில்லையே என்பது ஊரின் கட்சி. கோயில் படித்துறை நிலக்கடலைத் தோட்டத்துக்குள் இறங்கியது, மாசிமகத்துக்குச் சாமி அங்கே போய்த் தண்ணீர் லாரியில் தீர்த்தமாடினார். பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் தோணித்துறை. படகோட்டிகள் சங்கம் ஒன்று இருந்தது, உறுப்பினர்கள் எல்லோரும் ஆட்டோ ஓட்டினார்கள். கலங்கரைத் தெருவில் பழைய விளக்குக்கூண்டின் அடிப்பாகம் மட்டும் நின்றது, அதற்குள் ஆடு கட்டியிருந்தார்கள். அந்தத் தெருவின் முதல் வீடு கப்பல் மாளிகை, அதன் சொந்தக்காரர் தெய்வச்சிலை முதலாளி, துறைமுக மீட்புக் குழுவின் தலைவர். கப்பல்காரர் வீடு என்று ஏழு தலைமுறையாகப் பெயரெடுத்த குடும்பம். அவருக்கு டவுன் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும்.

ஆறு விட்டுப்போன படுகை நூறு வருஷம் சும்மா கிடந்தது. பிறகு ஊருக்குள் இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வொருவராக அதில் இறங்கினார்கள். உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள், கலங்கரைத் தெரு வீடுகளில் பாத்திரம் துலக்கியவர்கள், கல்யாணங்களுக்குப் பந்தல் போட்டவர்கள். மொத்தம் அறுபத்துநாலு வீடு, ஊர் அதைப் பள்ளம் என்றது. அரசாங்க வரைபடத்தில் மட்டும் அந்த இடம் இன்னும் நீலமாகவே இருந்தது, ஏனென்றால் ஆறு போய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே பள்ளத்தில் குடியிருந்த சேர்மக்கனியின் ரேஷன் கார்டில் முகவரி என்ற இடத்தில் ‘நீர்ப்பரப்பு, மாறாந்துறை’ என்று அச்சாகியிருந்தது. ஓட்டுப்போடப் போனபோது அதைப் படித்த ஒரு அதிகாரி, இவள் நனைந்திருக்கிறாளா என்று நிமிர்ந்து பார்த்தாராம்.

சேர்மக்கனி வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தாள். அண்டா, குண்டான், ஜமுக்காளம், குத்துவிளக்கு, தாம்பூலத் தட்டு எல்லாம் அவளிடம்தான் எடுக்கவேண்டும். எடுப்பவர்கள் அவளையும் சேர்த்தே கூட்டிப்போவார்கள், ஏனென்றால் யாரை முதலில் அழைக்கவேண்டும், யாரை வீட்டுக்குள் போய் உட்கார்ந்து அழைக்கவேண்டும், யாருக்கு வாசலில் நின்று சொன்னால் போதும், எந்தச் சம்பந்திக்குக் கார்டின் மேல் பெயரெழுத மறந்தால் கல்யாணம் நிற்கும் என்பதெல்லாம் அந்த ஊரில் அவளுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஐம்பது வயது. புருஷன் சுவர் எழுப்பிவிட்டு மேலே போய்ச் சேர்ந்துவிட்டார், கூரையை அவள் போட்டாள். ஒரே மகள் வடிவு, தலைப்பிரசவத்துக்கு ஆவணியில் தாய்வீட்டுக்கு வரவேண்டும். அதற்காகத்தான் பின்பக்கம் புதிதாக ஓர் அறை இழுத்து, சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டிருந்தாள்.

அந்தச் சுண்ணாம்பு காய்வதற்குள் கப்பல் மாளிகையிலிருந்து ஆள் வந்து அவளை அங்கே கூட்டிப்போயிற்று.

“கனி, ஆத்தக் கூப்பிடணும்,” என்றார் தெய்வச்சிலை முதலாளி, அடுத்த தெருக்காரரைக் கூப்பிடச் சொல்வதுபோல.

“எங்க கூப்பிட மொதலாளி?”

“எங்கயா? அது இருந்த இடத்துக்குத்தான். மந்திரி சொல்லிட்டாரு, ஆறு இருந்தா துறைமுகம் தாரேன்னு. ஆறு இல்லாம எப்படித் துறைமுகம் தர முடியும்னு கேக்காரு. நியாயமான கேள்விதான.”

“அது இருந்த இடத்துல நாங்கல்லா இருக்கோம்.”

குழுவின் செயலாளர் ஆதிமூலம் சார், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், வரைபடத்தை மேசையில் விரித்தார். “காலி எடம்னுதாம்மா இதுல இருக்கு.”

“தண்ணின்னுல்லா சார் இருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான். உங்க பேரு இல்லைல்லா.”

ஆற்றை அழைக்க, அது குடியிருந்த இடத்தில் இப்போது குடியிருக்கிற பொம்பளைதான் தட்டு எடுத்துப் போகவேண்டும் என்று கோயில் செப்பேட்டில் இருப்பதாக ஆதிமூலம் சார் சொன்னார். செப்பேட்டை யாரும் பார்த்ததில்லை, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பள்ளத்துக்காரர்களுக்கு மாற்று இடம் உண்டு, பழைய உப்பளத்துக்குப் பக்கத்தில், எட்டு மழை பெய்து உப்பு கரைந்தால் கீரை முளைக்கும். தட்டு எடுத்துப் போகிறவளுக்கு அதில் முதல் மனை.

“நான் மாட்டேன்னா?” என்றாள் சேர்மக்கனி.

“நீ மாட்டேன்னா இசக்கி போவா. அவ மாட்டேன்னா இன்னொருத்தி. பள்ளத்துல பொம்பளைக்கா பஞ்சம்?” என்று சிரித்தார் முதலாளி.

பக்கத்து வீட்டு இசக்கி அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். “ஏக்கா, வீட்ட இடிக்க நீயே வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுவியா? வடிவ எங்க கொண்டு படுக்க வைப்ப, உப்பளத்துலயா?” ஆனால் சேர்மக்கனியின் கணக்கு வேறு. இசக்கியை அனுப்பினால் அவள் பயந்துபோய் உள்ளபடி அழைத்துவிடுவாள். தான் போனால் அழைக்காத மாதிரி அழைக்கலாம். அதற்கும் வழிமுறைகள் உண்டு, கார்டை இடது கையால் நீட்டுவது, உட்காரச் சொன்னால் நின்றுகொண்டே பேசுவது, “இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன், அப்படியே உங்களுக்கும் சொல்லிட்டுப் போலாம்னு” என்று இழுப்பது. மானமுள்ள யாரும் அதற்குமேல் வரமாட்டார்கள். முள்ளாறு ரோஷக்கார ஆறு என்பதற்கு இரண்டு சாட்சி ஊரிலேயே இருந்தது.

ஆகவே அவள் சரி என்றாள். பள்ளத்தில் பாதிப்பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

அழைப்பிதழ் அச்சாக நாற்பது நாள் பிடித்தது. ஆறு வந்தால் கரை எங்கே கட்டுவது, வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அரைமணி நேரத்தில் முடிவாகிவிட்டது, பெயர் போடுவதில்தான் நாள் போயிற்று. மேல்வரிசையில் யார், கீழ்வரிசையில் யார், அன்றைக்குப் பின்னால் வராமல் உட்கார்ந்துவிட்ட பாதி ஊர்க்காரர்களுக்குப் பெயர் உண்டா, உண்டென்றால் எவ்வளவு பெரிய எழுத்தில் என்று மூன்று தடவை சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் அடங்கியபின் ஆதிமூலம் சார் ‘இடம்: முள்ளாற்றின் பழைய படுகை’ என்று எழுதிக்கொண்டுவர, தெய்வச்சிலை முதலாளி கொதித்துப்போனார்.

“என்னவே எழுதியிருக்கீரு? படுகையா? மந்திரி வந்து பள்ளத்துக்குள்ளயா எறங்குவாரு? கூப்பிடுதது யாரு? நானு. கூப்பிடுதவன் வீட்டுப் பேரப் போடாம எவனாவது கார்டு அடிப்பானா? எம் மக கல்யாணத்துக்கு, எம் பேரன் காதுகுத்துக்கு எல்லாத்துக்கும் கப்பல் மாளிகைன்னுதாம்வே போட்டோம்.”

அது உண்மைதான். அந்த ஊரில் கூப்பிடுகிறவர் வீட்டுப் பெயர் இல்லாமல் கார்டு அடிக்கிற வழக்கம் கிடையாது. ஆகவே, “பேரன்புடையீர், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகைதந்து விழாவினைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம். நாள்: ஆடி மாதம் 18ஆம் தேதி. நேரம்: காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள். இடம்: கப்பல் மாளிகை, எண் 1, கலங்கரைத் தெரு, மாறாந்துறை” என்று ஓரத்தில் பொன்னிறச் சரிகை போட்டு, மூலையில் இரட்டைக் குத்துவிளக்கு வைத்து, கார்டு வந்தது. பள்ளம் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

வேனில் ஏறித் தெற்கே போனார்கள், சேர்மக்கனி, ஆதிமூலம் சார், நாதஸ்வரக்காரர்கள், குழுவில் நாலுபேர். “கனி, அழைக்காத மாதிரி அழைக்கலாம்னு நெனைக்காத, எனக்கும் இந்த ஊருதான்,” என்றார் ஆதிமூலம் சார் வழியிலேயே. “மரியாதை ஒண்ணு கொறையக் கூடாது. கார்டுல உள்ளத அப்படியே வாசி. சொந்தமா ஒரு வார்த்தை சேக்கக் கூடாது, ஒரு வார்த்தை விடக் கூடாது. மொதலாளி உத்தரவு.” அவளுடைய திட்டமெல்லாம் வேன் புறப்பட்ட இரண்டாவது கிலோமீட்டரில் முடிந்துபோயிற்று. மீதி ஒன்பது கிலோமீட்டரும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அறையை நினைத்துக்கொண்டு போனாள்.

முள்ளாறு பனங்காட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல அகலம், தெளிந்த தண்ணீர், கரையில் நாரைகள், முங்கிக் கிடக்க ஒரு எருமைக்கூட்டம். குறையில்லாத வாழ்க்கைதான் வாழ்ந்தது. சேர்மக்கனி குனிந்து ஈர மணலில் தட்டை வைத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், தேங்காய், ஜரிகைச் சேலை ஒன்று. பிறகு கார்டைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள்.

நாள் வாசித்தாள், நேரம் வாசித்தாள். இடம் என்று வந்ததும் நிறுத்தினாள்.

இருபத்தைந்து வருஷம் தட்டு எடுத்தவள் அவள். முறையாக அழைக்கப்பட்ட விருந்தாளி எங்கே வருவார் என்பது அவளுக்குத் தெரியாதா? கார்டில் போட்ட இடத்துக்கு வருவார். அவள் கண் இடம் என்ற வரியிலேயே நின்றது. ஒரு வார்த்தை, ‘படுகை’ என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், ஆறு பழைய இடத்துக்குப் போகும், பள்ளம் மூழ்கும். சேர்க்காவிட்டால் கலங்கரைத் தெரு. அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், அதையும் அவள் நினைத்துப் பார்க்காமல் இல்லை.

“ஏன் நிறுத்திட்ட? கண்ணு தெரியலையா?” என்றார் ஆதிமூலம் சார்.

“சார், இடம் இதானா? ஒருக்க பாத்துச் சொல்லுங்க. இத வாசிச்சா இங்கதான் வரும்.”

ஆதிமூலம் சார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. “உள்ளத வாசிம்மா,” என்றார்.

அவள் வாசித்தாள். கதவெண்ணையும் தெருப் பெயரையும் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை வாசித்தாள். தண்ணீர் ஒரு முழம் மேலேறி வந்து, தட்டைச் சுற்றி நின்று, வெற்றிலைபாக்கை எடுத்துக்கொண்டது, குங்குமத்தைத் தொட்டுக்கொண்டது, சேலையை மடிப்புக் கலையாமல் வாங்கிக்கொண்டது, தேங்காயை மட்டும் மரியாதைக்குத் திருப்பித் தந்தது. நாதஸ்வரக்காரர்கள் ஒரு மங்களம் வாசித்தார்கள், எல்லோரும் வேனில் ஏறினார்கள்.

ஊர் திரும்பியதும் அவள் நேராகக் கப்பல் மாளிகைக்குப் போனாள். “மொதலாளி, அது கார்டுல உள்ள இடத்துக்குத்தான் வரும். சாமான எல்லாம் மேல ஏத்திக்கிடுங்க. அக்கம்பக்கத்துலயும் சொல்லிருங்க.”

தெய்வச்சிலை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “எங்க வீட்டுக்கு வந்து தலையக் காட்டிட்டுத்தான் பள்ளத்துக்குப் போவும், பெரியவங்க வீட்டுக்கு மொதல்ல வாரது முறைதான. வரட்டும். ஒன் வீட்ட எப்பக் காலி பண்ணுத?”

அவள் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். வேலைக்காரிகள் கேட்டுக்கொண்டார்கள், முதலாளியம்மாக்கள் மோர் கொடுத்து அனுப்பினார்கள். குழுவோ அதற்குள் வேறு ஏற்பாட்டில் இறங்கியிருந்தது. மந்திரிக்குக் காட்டுவதற்காகத் துறைமுகத்தின் பழம்பெருமைக் கண்காட்சி ஒன்றைக் கப்பல் மாளிகைக் கூடத்தில் வைத்தார்கள். கலங்கரைத் தெருவில் இருந்த அத்தனை வீட்டாரும், நாங்கள்தான் ஆதியில் கப்பலில் வந்து இறங்கியவர்கள், நாங்கள்தான் ஆதியில் என்று போட்டிபோட்டுக்கொண்டு, பரம்பரைப் பத்திரங்களையும் பட்டாக்களையும் ஓலைகளையும் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். அதே தெருவில் பத்திரப்பதிவு அலுவலகமும் இருந்தது, அவர்கள் பங்குக்குப் பழைய பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் ‘வருக வருக’ என்று வளைவு கட்டியாயிற்று.

ஆடிப் பதினெட்டு காலை ஒன்பது மணிக்கு முள்ளாறு வந்தது. ஒன்பது என்று கார்டில் போட்டால் பதினொன்றுக்கு வரவேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை, மாறாந்துறையின் சரித்திரத்தில் சொன்ன நேரத்துக்கு வந்த முதல் விருந்தாளி அதுதான். மந்திரி அப்போது கிளம்பவே இல்லை, முதலாளி குளித்துக்கொண்டிருந்தார். தோணித்துறை பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். தெற்கே ரோட்டின் முழு அகலத்துக்கும், சேலைக்கரை மின்ன, அவசரமில்லாமல் வந்தது. முன்னால் நாரைகள், பின்னால் அதன் சுற்றமும் நட்பும், அதாவது வழியில் இருந்த நாலு ஓடை, ஏழு குளம், ஒரு சதுப்பு, பெயர் தெரியாத கால்வாய்கள், எருமைக்கூட்டம், எல்லாவற்றுக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, சம்பந்தி வீட்டார்போல் விறைப்பாகக் கடல்.

பள்ளத்தின் மேட்டில் அறுபத்துநாலு வீட்டாரும் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். ஆறு பள்ளத்துக்கு வராது என்று யார் சொன்னாலும் நம்புவதற்கு அவர்கள் என்ன ஏமாளிகளா, சேர்மக்கனியே அறையிலிருந்த கட்டிலைக் கழற்றிக் கட்டி வைத்திருந்தாள். ஆறு அவர்கள் பக்கம் வந்தது, பழைய வீட்டைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றது. உள்ளே அடுப்பு புகைந்தது, கொடியில் துணி காய்ந்தது. இசக்கி சேர்மக்கனியின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அழைக்காத வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிற பழக்கம் முள்ளாற்றுக்கு இல்லை. அது பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு, ஒரு வாசற்படியும் நனையாமல், கலங்கரைத் தெருவுக்குள் திரும்பியது. சேர்மக்கனி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அது சந்தோஷத்தில்தான், அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

கதவெண் பார்த்து, வளைவுக்குள் நுழைந்து, செருப்பு விடுகிற இடத்தில் தன் மணலை விட்டுவிட்டு, ஆறு கப்பல் மாளிகைக்குள் போயிற்று. கூடத்தில் உட்கார்ந்தது. கூட வந்தவர்களுக்கு இடம் போதாததால் அவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் உட்கார்ந்தார்கள், கடல் தெருக்கோடியில் நின்றுகொண்டது. யாருக்கும் ஒரு காயம் இல்லை, விருந்துக்கு வந்த இடத்தில் அப்படியெல்லாம் நடந்துகொள்ளுமா என்ன. துண்டு கட்டிய முதலாளி உட்படத் தெருக்காரர்கள் எல்லோரும் மாடிக்குப் போய், மாடியிலிருந்து படகோட்டிகள் சங்கத்துக் கொட்டகையில் கிடந்த பழைய படகுகளில் இறங்கினார்கள். படகோட்டிகள் சங்கத்தார் ஆட்டோ ஓட்டுகிற ஞாபகத்தில் திரும்புகிற இடத்திலெல்லாம் கையை வெளியே நீட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருந்த பத்திரங்களைத் தாம்பூலப்பை என்று நினைத்து ஆறு ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டது, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல் பதிவேடுகளைக் குளங்களுக்கும் ஓடைகளுக்கும் பகிர்ந்தது.

மந்திரி பன்னிரண்டு மணிக்கு வந்தார். விளக்குக்கூண்டின் மேல் ஏறி நின்று, துறைமுகம் திறக்கப்பட்டுவிட்டதாக அறிவித்துவிட்டு, வந்த காரில் போக வழியில்லாததால் படகில் போனார். விருந்தாளி மூன்று நாளில் கிளம்பிவிடும் என்று ஊர் காத்திருந்தது. நாலாம் நாள் நாரைகள் கப்பல் மாளிகையின் பால்கனியில் கூடு கட்டின. பத்தாம் நாள் தெருக்காரர்கள் தங்களைத் துறைமுகத் தியாகிகள் என்று அறிவிக்கச் சொல்லி மனுப்போட்டார்கள். பதினைந்தாம் நாள் பிராந்திக் கடைக்காரர் கடையைப் படகுக்கு மாற்றினார், பள்ளிக்கூடத்தில் நீச்சல் தெரியாத வாத்தியார்களுக்கு இடமாற்றம் வந்தது, கூடத்துக்குள் இரண்டு ஆள் உயரம் தண்ணீர் என்பதை எல்லோரும் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள், உறவுக்காரர்கள் முகம் சுளித்ததும் திரும்பி வந்தார்கள். ஊரில் காய்ந்த தரை பள்ளம் ஒன்றுதான்.

ஆவணி பிறந்து ஐந்தாம் நாள் மத்தியானம் தெய்வச்சிலை முதலாளி சேர்மக்கனி வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே அவர் சம்சாரம், கையில் ஒரு பை, பின்னால் ஆதிமூலம் சார்.

“கனி, ஆத்துக்கிட்டப் போயி ஒரு வார்த்த சொல்லணும். பழைய இடத்துக்கே போயிரச் சொல்லு.”

“பழைய இடம்னா?”

அவர் தரையைப் பார்த்தார். அவர் நின்றுகொண்டிருந்ததே அந்த இடத்தில்தான்.

சேர்மக்கனி இடுப்பில் கைவைத்து நின்றாள். “கூப்பிட்டவியதான் அனுப்பணும் அண்ணாச்சி, நான் தட்டு தூக்குனவ. அறுபத்துநாலு வீடு எரியுத அடுப்போட இருந்த இடத்த நீங்க காலின்னு சொன்னிய பாத்தியளா, அன்னைக்கு எனக்கு எம் புருஷன் செத்தப்பகூட வராத கோவம் வந்துச்சு. இப்பமும் இருக்கு. நான் போமாட்டேன், இசக்கியும் போமாட்டா.”

முதலாளிக்கு இப்படி யாரும் பேசிக் கேட்டுப் பழக்கமில்லை. அவர் சம்சாரம் மெதுவாக, “மத்தியானத்துக்கு இன்னும் சாப்பிடல கனி,” என்றாள்.

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன,” என்று சேர்மக்கனி உள்ளே போனாள். பின்னறையில் வடிவு ஒருக்களித்துப் படுத்திருந்தாள், நேற்றுதான் வந்திருந்தாள், நாளைக்கோ மறுநாளோ என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அவளுக்கென்று வைத்த மீன்குழம்பில் இருந்து எடுத்து மூன்று தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். கலங்கரைத் தெருவின் முதல் வீட்டுக்காரர் பள்ளத்தில் ஒரு வீட்டுக்குள் குனிந்து நுழைந்தது அதுதான் முதல் தடவை. பாயில் உட்கார்ந்தார். ஆற்று மீன், புது வரவு, கெண்டை. இரண்டு கவளம் உள்ளே போனதும் அவர் கண் தெளிந்தது, மூன்றாவது கவளத்தில் சுவரைத் தட்டிப் பார்த்தார், நாலாவதில் கூரையை நிமிர்ந்து பார்த்தார். நல்ல அகலம், காய்ந்த தரை, ஆற்றைப் பார்த்த வாசல். துறைமுகம் வந்துவிட்ட ஊரில் இது எவ்வளவு நல்ல இடம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“ஏன் கனி,” என்றார் வாயில் சோற்றோடு, “இந்த வீடு யாரு பேர்ல இருக்கு?”

ஆதிமூலம் சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். உள்ளே வடிவு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

“எம் பேர்ல,” என்றாள் சேர்மக்கனி.

அதற்கு அவளிடம் ஒரு காகிதமும் கிடையாது. அப்படி இல்லை என்று சொல்லவும் அன்றைக்கு மாறாந்துறையில் யாரிடமும் ஒரு காகிதம் கிடையாது.